இருதயம் மெஸ்ஸின் ஒரே குறை

கம்பத்தில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக நிற்குமே, அதற்கு எதிரே இருக்கிற இருதயம் மெஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மெஸ்ஸை நடத்துபவர் இஞ்ஞாசிமுத்து. இலை போடுவது, கல்லாவில் உட்காருவது, வருகிறவர்களிடம் வாயடிப்பது எல்லாம் அவர். சமையல் முழுக்க அவர் மனைவி இருதயம்மாள். காலை ஆறு மணிக்கெல்லாம் கேரளத்துக் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். மதியத்துக்குப் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ வாங்கிக்கொண்டு ஜீப் ஏற வேண்டும். கம்பம் மெட்டு வளைவுகளில் ஜீப் போடுகிற ஆட்டத்தில் வாளிக்குள் சோறு புரண்டு மூடி வழியாகச் சிந்தும். அதனால் இருதயம்மாள் ஒவ்வொரு வாளிச் சோற்றையும் கையால் அமுக்கி, மேலே ஒரு தட்டுத் தட்டிக் கொடுப்பாள். கூட அமுக்கினால் கட்டியாகிவிடும், குறைத்தால் சிந்திவிடும். பத்தொன்பது வருசமாக அந்தப் பதம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பெண்களும் "அமுக்குன சோறு" என்று கேட்டே வாங்குவார்கள்.

சுத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையிலேயே சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று சில வீடுகளைச் சொல்வதுண்டு. இந்தத் தரையிலும் சாப்பிடலாம், ஆனால் இருதயம்மாள் விடமாட்டாள், தரை அழுக்காகிவிடும். கரண்டியைத் துலக்குகிற வேகத்தில் கரண்டி தேய்ந்து வருசத்துக்கு இரண்டு புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இஞ்ஞாசிமுத்து கால் கழுவாமல் அடுப்படிக்குள் வந்தால் அன்றைக்கு அவருக்குக் காப்பி கிடையாது.

தேனியில் உணவகத் தூய்மைக் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. அது எதற்காகத் தொடங்கப்பட்டது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே கேட்டால்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை சூரியபிரகாஷ் என்ற இளம் அதிகாரி மெஸ்ஸுக்கு ஆய்வு செய்ய வந்தார். நல்ல பையன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கையில் ஒரு டேப், அதன் தொடுதிரையில் அறுபத்து நான்கு கேள்விகள்.

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, உண்டு. எலி உண்டா, இல்லை. பல்லி? இருதயம்மாள் யோசித்துவிட்டு, பல்லி முன்பு ஒன்று வந்தது, தின்பதற்குப் பூச்சி எதுவும் கிடைக்காமல் எதிர்த்த ஹோட்டலுக்குப் போய்விட்டது என்றாள். அறுபத்து மூன்று கேள்விகளும் சரசரவென்று முடிந்தன. அறுபத்து நான்காவது, கண்டறியப்பட்ட குறைகள். சூரியபிரகாஷ் ஒன்றுமில்லை என்று தாண்டிப்போகப் பார்த்தார். டேப் விடவில்லை. "குறைந்தது ஒரு குறையையாவது தேர்வு செய்யவும்" என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். மேலதிகாரி பேசியது வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்டது. குறை இல்லையென்றால் நீ சரியாகப் பார்க்கவில்லை, மறுபடியும் பார் என்றார்.

மறுபடியும் பார்த்தார். சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தார். அரிசி டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஃபேன் இறக்கையின் மேல் விரலால் தடவிப் பார்த்து, விரலில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து முகம் வாடினார். இந்த இடத்தில்தான் இஞ்ஞாசிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. வந்த மனுசனை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம். அவரே ஏணியைக் கொண்டுவந்து போட்டார், டார்ச் அடித்துக் காட்டினார், இருதயம்மாள் அலமாரியை நகர்த்திக் கொடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து முக்கால் மணி நேரம் குறை தேடினார்கள். சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று எழுதிக்கொள்ளலாமே என்று இஞ்ஞாசிமுத்து ஒரு யோசனை சொன்னார். அப்படி ஒரு குறை டேப்பில் இல்லை. இருதயம்மாள் அவரைப் பார்த்த பார்வையும் அங்கே எழுதக்கூடியதாக இல்லை.

அப்புறம் இஞ்ஞாசிமுத்து ஒரு வார்த்தை சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் பழைய சங்கதி ஒன்று இருக்கிறது. பதினோரு வருசத்துக்கு முன் இருதயம்மாள் வலது கை விரலில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. ஆறே மாதத்தில் இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெளுத்துவிட்டது. மூன்று மாதம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒருநாள் இஞ்ஞாசிமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பாதி வெள்ளைக்காரியாகிவிட்டாய், ஒரே தாலியில் எனக்கு இரண்டு பெண்டாட்டி, சண்டைக்கு எவள் வருகிறாள் என்றுதான் தெரியவில்லை என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு எழுந்து போனவள்தான். அன்றிலிருந்து அது அந்த வீட்டுக் கேலி.

அந்தக் கேலியைத்தான் அவர் அதிகாரியிடம் சொன்னார்.

"இந்த மெஸ்ஸுல ஒரே ஒரு குறைதான் சார். எம் பொண்டாட்டி கை மட்டும் வெள்ளக்காரியாப் போயிருச்சு. வேணும்னா அத எழுதிக்கோங்க."

இருதயம்மாள் சிரித்தாள். "எழுதிக்கோங்க சார், பாவம், பசியோட எம்புட்டு நேரந்தான் தேடுவீக," என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். சூரியபிரகாஷும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பட்டியலில் நாற்பத்தோராவது குறையை அழுத்தினார். டேப் உடனே அடுத்த பக்கத்துக்குப் போனது. அவர் பெருமூச்சு விட்டு, ரொம்ப நன்றி அம்மா என்றார். சாப்பிட்டுப் போங்கள் என்று அவள் சொன்னதற்கு, விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் ஆய்வுப் பதிவு சீல் வைத்து வந்தது. அதை வாசலில், கண்ணுக்கு நேரே, யாரும் மறைக்காதபடி ஒட்ட வேண்டும் என்பது விதி. எதிர்த்த ஹோட்டலிலும் ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்குப் பதினான்கு குறை. பதினான்கையும் ஒரே தாளில் அடக்க வேண்டியிருந்ததால் எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது, எவராலும் படிக்க முடியாது. இருதயம் மெஸ்ஸுக்கு ஒரே குறை என்பதால் இடம் தாராளமாக இருந்தது. "சமையலர் இருதயம்மாள், வயது 51. தோல் நோய்." ஜீப்பில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

நாகஜோதி என்று ஒரு பெண், முதல் ஜீப்பில் போகிறவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என்னக்கா இது, உம் பேரப் போட்டு என்னமோ எழுதிருக்காக?"

"சும்மா ஆபீஸ்காரக எழுதுறதுதான்," என்றாள் இருதயம்மாள்.

நாகஜோதி வாளியை நீட்டி, எனக்கு நீயே அமுக்கி வை என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள், மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று. ஆனால் மற்ற ஜீப்புகளில் புது ஆட்கள் இருந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு ஜீப் பெண்கள் எதிர்த்த ஹோட்டலுக்குப் போனார்கள். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு. யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. போகும்போது இந்தப் பக்கம் பார்க்காமல் போனார்கள், அவ்வளவுதான்.

இருதயம்மாள் கையுறை வாங்கினாள். சோறு ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்தது. கரண்டியால் அமுக்கிப் பார்த்தாள், ஒரு பக்கம் அமுங்கினால் மறுபக்கம் எழும்பியது. வீட்டில் புருசனுக்குத் தட்டு வைக்கும்போதும் கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தோணியார் கோயில் திருவிழாவின் அசன விருந்துக்கு ஒவ்வொரு வருசமும் அண்டா அண்டாவாகச் சாம்பாருக்கு உப்புப் போடுகிறவள் அவள்தான். இந்த வருசம் இடுப்பு வலி என்று சொல்லிப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கோயிலிலிருந்து ஒருவரும் கேட்டு வரவில்லை. அவளுக்கு இடுப்பு வலி இல்லை என்று இஞ்ஞாசிமுத்துவுக்குத் தெரியும். தான் சிரிப்புக்குச் சொன்ன ஒரு வார்த்தை இப்படிச் சீல் வைத்து வாசலில் தொங்குகிறதே என்று அவர் நினைத்து நினைத்துப் புழுங்கினார்.

அவளை அரசாங்க டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்து, இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, சமைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், எதுவும் செய்யலாம் என்றார். இருதயம்மாள் முகத்தில் பல நாளைக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. அதையே எழுதித் தாருங்கள் என்று இஞ்ஞாசிமுத்து கேட்டார். டாக்டர் எழுதித் தந்தார்: தொற்றாத தோல் நோய்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இஞ்ஞாசிமுத்து தேனிக்குப் பஸ் ஏறினார். சூரியபிரகாஷின் மேலதிகாரி முத்துராஜா தாளை ஒருமுறை படித்தார், சிவப்புப் பேனாவால் இரண்டு வார்த்தைக்கு அடியில் கோடு போட்டார்.

"டாக்டரே தோல் நோய்னு உறுதிப்படுத்திட்டாரே ஐயா. எங்க ஆய்வு எவ்வளவு துல்லியம்னு பாருங்க," என்றார். சந்தோசமாகவே சொன்னார்.

தொற்றாது என்றும் எழுதியிருக்கிறதே என்றார் இஞ்ஞாசிமுத்து. முத்துராஜா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தொன்றில் தோல் நோய் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம்தான் இருந்தது. தொற்றுமா தொற்றாதா என்று கேட்க அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவருக்குத் தோன்றவில்லை. தோன்றாததை எழுத இடமில்லை.

"அப்ப அத அழிச்சிருங்க சார். பதிவுல குறையில்லன்னு போட்டுருங்க."

முத்துராஜா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்குப் பேசப் பிடிக்கும் என்பது அவர் சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"ஐயா, நீங்க பெரியவர், சொன்னாப் புரிஞ்சுக்குவீங்க. குறையில்லாத ஓட்டல்னு ஒண்ணை நான் மேலே அனுப்பினா, அங்க என்ன கேப்பாங்க? அப்ப நீ எதுக்கு இருக்கேன்னு கேப்பாங்க. எங்க வட்டாரத்துல நூத்துக்கு நூறு ஓட்டல்ல குறை கண்டுபிடிச்சிருக்கோம். வேற எந்த வட்டாரத்துலயும் இந்தச் சாதனை கிடையாது. பதிஞ்ச குறையை அழிக்கிறது ஒழுங்கீனம். ஆனா சரிசெஞ்சா, அது முன்னேற்றம். உங்க எதிர்த்த ஓட்டலைப் பாருங்க. பதினோரு எலி இருந்துச்சு, இப்ப நாலுதான். இந்த வருச முன்னேற்ற விருதே அவங்களுக்குத்தான். நீங்க மொதல்லயே சுத்தமா இருந்து முன்னேறுற வாய்ப்பைக் கெடுத்துக்கிட்டீங்க."

இஞ்ஞாசிமுத்துவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாசலில் ஒட்டியிருக்கிற தாளை எடுக்க என்ன வழி என்று மட்டும் கேட்டார். முத்துராஜா மேசை இழுப்பிலிருந்து ஒரு படிவம் எடுத்து நீட்டினார். குறை நீக்க உறுதிமொழி. அதில் "அகற்றப்பட்ட பொருள்" என்று ஒரு கோடு இருந்தது.

"இங்க உங்க வீட்டம்மா பேரை எழுதுங்க. சமையலரை அகற்றிவிட்டேன், இனி அடுப்படிக்குள் வரமாட்டார், உணவைத் தொடமாட்டார், அவ்வளவுதான். இது காகிதத்துக்காக. பதிவு பச்சையாயிடும், பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுடலாம். அப்புறம் உங்க அடுப்புல யார் நிக்கிறாங்கன்னு நாங்களா வந்து பாக்கப் போறோம்?"

இஞ்ஞாசிமுத்து பேனாவை வாங்கினார். காகிதத்தில் ஒரு பொய், அவ்வளவுதானே, அது அந்தத் தாளை வாசலிலிருந்து இறக்கிவிட்டால் போதும், அவள் பழையபடி சிரிப்பாள் என்று கணக்குப் போட்டார். அகற்றப்பட்ட பொருள் என்ற கோட்டில் இருதயம்மாள் என்று எழுதினார். கல்யாண ஓலையில் எழுதிய பிறகு அவள் பேரை அவர் தன் கையால் எழுதியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து, "சரியாப் போச்சுத்தா, அழிச்சிட்டாக," என்றார். எப்படி என்று அவள் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வெண்டைக்காய் வதக்கும்போது ஏதோ மாதா பாட்டை முணுமுணுத்தாள். அவர் கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் அழைப்பிதழ் வந்தது. தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குறை நீக்க விழா, குடும்பத்தோடு வரவும் என்று. இஞ்ஞாசிமுத்து, போக வேண்டாம், யாரையாவது அனுப்பிப் பச்சைத் தாளை வாங்கிக்கொள்ளலாம் என்றார். இருதயம்மாள் விடவில்லை. "பேரு கெட்டப்ப ஊரே பாத்துச்சு, சரியானதையும் நாலு பேரு பாக்கட்டும்," என்று மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் பளிச்சென்று வைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கு வாய் வரை வந்தது. சின்னமனூரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், அப்புறம் வீரபாண்டியில் என்று நினைத்தார். தேனி வந்துவிட்டது.

விழாவில் மாலை, மைக், குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. உரிமையாளர்களை மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் தாம் எழுதிக் கொடுத்த உறுதிமொழியைத் தாமே மைக்கில் வாசிக்க வேண்டும் என்று முத்துராஜா அறிவித்தார். அப்போதுதான் மற்றவர்களுக்கும் ஊக்கம் வருமாம். எதிர்த்த ஹோட்டல்காரர் முதலில் வந்து, ஏழு எலிகளை அகற்றிவிட்டேன் என்று வாசித்தார். கைதட்டினார்கள். அடுத்தவர் கரப்பான் பூச்சிகளை அகற்றியிருந்தார். அதற்கடுத்தவர் கெட்டுப்போன எண்ணெயை. கைதட்டல் கூடிக்கொண்டே வந்தது.

நான்காவது இஞ்ஞாசிமுத்து. தாளைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் மாம்பழக் கலர்ப் பட்டைப் பார்த்தார். "நான், கம்பம் இருதயம் மெஸ் உரிமையாளர்," என்று வாசித்தார். அதோடு நிறுத்திவிட்டுத் தாளை இறக்கினார். முத்துராஜா பரிவோடு தோளில் தட்டி, தாளை வாங்கி, தாமே வாசித்தார். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். பிறகு தாளை மடித்துவிட்டுச் சொந்தமாகவும் பேசினார்.

"எலியை விரட்டுறது பெரிசில்ல. சொந்த மனைவியையே அடுப்படியிலிருந்து அகற்றியிருக்கார் பாருங்க இந்த மனிதர். பொதுமக்கள் ஆரோக்கியத்துக்காக இதைச் செய்ய எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? இந்தத் துறையில எனக்கு இருபத்திரண்டு வருச அனுபவம். இன்னைக்குத்தான் எனக்குக் கண்ணு கலங்குது."

மண்டபம் அதிர்ந்தது. மேடையிலிருந்து பார்த்தால் எல்லாக் கையும் ஒரே கையாகத்தான் தெரிந்தன. அதில் இரண்டு வெள்ளைக் கை மட்டும் தனியாகத் தெரிந்தன. எல்லோரும் தட்டுகிறார்கள் என்று அவையும் தட்டிக்கொண்டிருந்தன.



மறுநாள் காலை மெஸ் வாசலில் பச்சைத் தாள் ஒட்டியாயிற்று. "தோல் நோய் உள்ள சமையலர் அகற்றப்பட்ட உணவகம்" என்று அதிலும் எழுத்துப் பெரிதாகத்தான் இருந்தது. போன ஜீப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். ஐந்து ஜீப் வாளிகளும் வரிசையாக நின்றன. இஞ்ஞாசிமுத்து அடுப்பில் தனியாக நின்று புளிச்சோறு கிளறி இறக்கினார். இருதயம்மாள் அடுப்படி நிலைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். உப்பு எவ்வளவு, பெருங்காயம் எப்போது என்று அங்கிருந்தே சொன்னாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உள்ள வாத்தா. யாரு வந்து பாக்கப் போறா?"

"மைக்குல வாசிச்சாகல்ல. நான் உள்ள வந்தா நீங்க எழுதிக் கொடுத்தது பொய்யாப் போயிரும்."

"பொய்தான். அவக உன்னைய எழுதுனதும் பொய்யி, நான் எழுதுனதும் பொய்யி."

"அவக எழுதுனப்ப பொய்யின்னு தெரிஞ்சுச்சு," என்றாள் இருதயம்மாள். "நீங்களும் எழுதுனப்புறம் எனக்கே தெரியலீங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து முகத்தில் வைத்துக்கொள்ளப் போனார். அவள் மெதுவாக, அவருக்கு வலித்துவிடக் கூடாது என்பது போல உருவிக்கொண்டு, தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தொடாதீக. இப்ப நீங்கதான சமைக்கிறவுக. கையக் கழுவிட்டுப் போயி சோத்த அமுக்குங்க, ஜீப்பு கெளம்பிரும்."

வெளியே நாகஜோதி வாளியைத் தட்டிக் கூப்பிட்டாள். இஞ்ஞாசிமுத்து எழுந்தார். குழாயைத் தாண்டிப் போனார், கையைக் கழுவவில்லை. அவள் கையைப் பிடித்த அதே கையை அண்டாவுக்குள் விட்டுச் சோற்றை அள்ளி ஒவ்வொரு வாளியிலும் வைத்து அமுக்கினார். அவருக்கு அந்தப் பதம் வரவில்லை.